தோப்பிலிருந்து ஏறிய பாதை
(கொடைக்கானல் வரலாறும் எங்கள் வீட்டுக் கதை ஒன்றும்)



பரிசளிப்பு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டார். "சரித்திரமா இருக்கட்டும் வாத்தியாரே, ஆனா பாடப்புத்தகம் மாதிரி இருக்கக் கூடாது" என்றும் சொல்லிவிட்டார். யோசித்துப் பார்த்தேன். சென்ற பள்ளி விடுமுறையில் நானும் என் நண்பர் ஒருவரும் ஆளுக்கொரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு தமிழ்நாட்டுக் கொடைக்கானலுக்குப் போய் வந்தோம். போனதென்னவோ மலை ஏறவும் படகு விடவும்தான். ஆனால் திரும்பி வரும்போது, எங்கள் வீட்டில் பல காலமாக விளங்காமல் கிடந்த ஒரு சொல்லுக்கு விளக்கம் கொண்டு வந்தேன். அந்தக் கதையையே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல் என்னவென்று சொல்லிவிட வேண்டும். எங்கள் அப்பத்தாவுக்கு எண்பது வயதுக்கு மேல். சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டி, காண்டாக் கம்பில் வாளி தூக்கித் தூக்கித் தோளில் காய்ப்பு விழுந்தவர். பிள்ளைகள் பள்ளிக்கூடப் பை கனமாக இருக்கிறது என்று முனகினால் அப்பத்தா உடனே சொல்வார்: "எங்க மாமனாரோட அப்பாரு தோப்புல இருந்து மலைக்கு வெள்ளைக்காரன தூக்கிக்கிட்டுப் போனவரு. நீ புத்தகத்தத் தூக்க மாட்டியா?"

தோப்பு என்றால் எந்தத் தோப்பு? மாந்தோப்பா, தென்னந்தோப்பா? மலை என்றால் எந்த மலை? கேட்டால், "அதெல்லாம் எனக்கு என்னா தெரியும், மாமனாரு அப்பிடித்தான் சொல்லுவாரு" என்பார். பெரியகுளத்துப் பக்கம் என்று மட்டும் தெரியும். சின்ன வயதில் நாங்கள் அதை ஒரு வேடிக்கைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டோம்.

மலைமேல் ஓர் ஏரி

கொடைக்கானல் பழனி மலைத்தொடரின் மேல், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. நம் பினாங்குக் கொடிமலை ஏறத்தாழ 2,700 அடி. ஆகவே நம் கொடிமலையைப் போல் இரண்டரை மடங்கு உயரம் என்று மாணவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இப்போது அது திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1985க்கு முன்பு மதுரை மாவட்டத்தில் இருந்தது.

வத்தலக்குண்டிலிருந்து பேருந்து மலைச்சாலையில் வளைந்து வளைந்து ஏறுகிறது. கீழே புளியமரமும் தென்னையும். போகப் போக வாழை, காப்பி, பிறகு பேரிக்காய், பைன் மரம். சன்னல் வழியாக வந்த காற்று மாறிக்கொண்டே இருந்தது. ஊர் போய்ச் சேர்ந்தபோது என் நண்பருக்குப் பற்கள் தந்தியடித்தன. நம்முடைய வெயிலில் வளர்ந்த உடம்பு அல்லவா!

மறுநாள் விடியற்காலையில் ஏரிக்குப் போனோம். ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்பு. நட்சத்திரம் போல் பல கைகள் நீட்டிக் கிடக்கிறது. கரையோரச் சாலையைச் சுற்றிவர 5 கிலோமீட்டர் வரும். பனி மூடிய நீரில் எதிர்க்கரை தெரியவில்லை. நடப்பவர்கள், சைக்கிள் மிதிப்பவர்கள், குதிரைச் சவாரி போகும் பிள்ளைகள், சோளக்கதிர் சுட்டு விற்கும் அம்மாமார்கள் என்று கரை முழுதும் ஆள் நடமாட்டம். நாங்கள் துடுப்புப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். நண்பர் கடற்கரையோரம் பிறந்தவர், "படகா? எங்கிட்ட விடு" என்றார். அரை மணி நேரம் ஒரே இடத்தில் வட்டமடித்தோம்.

அதன்பின் தூண்பாறை பார்த்தோம். பள்ளத்தாக்கின் ஓரத்தில் 400 அடி உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் பாறைகள். மலைவிளிம்பை ஒட்டிச் செல்லும் கோக்கர்ஸ் வாக் என்ற நடைபாதையிலும் நடந்தோம். கோக்கர் என்ற ஆங்கிலேய அதிகாரி 1872இல் அமைத்த பாதை அது. குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கும் போனோம். இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து இந்துவாக மாறிய லீலாவதி அம்மையார் 1936இல் எழுப்பிய முருகன் கோயில் அது. குறிஞ்சிப்பூ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். 2006இலும் 2018இலும் மலை நீலமானது. அடுத்து 2030. அந்த ஆண்டில் போக நினைப்பவர்கள் இப்போதே உண்டியலில் காசு போடலாம்.

ஏரி வந்த கதை

அந்த ஏரி இயற்கையானதன்று. ஓடைகள் கூடுகிற சதுப்பு நிலமாக இருந்தது. மதுரைக் கலெக்டராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்சு என்பவர் 1863இல் அங்கே அணை கட்டி நீரைத் தேக்கினார். மீன் விட்டார், தூத்துக்குடியிலிருந்து படகு கொண்டுவந்து மிதக்கவிட்டார். வேலை ஓய்ந்தபின் அவர் அம்மலையிலேயே குடியிருந்தார். 1890இல் படகுக் கழகம் தோன்றியது.

லெவிஞ்சுக்கு முன்பே வெள்ளையர்கள் வந்திருந்தார்கள். 1821இல் வார்டு என்ற நில அளவை அதிகாரி, வெள்ளகவி என்ற மலைக்கிராமத்திலிருந்து மேலே ஏறி அளந்தார். 1834இல் அதிகாரிகள் இருவர் செண்பகனூருக்கருகில் சிறு பங்களா ஒன்று கட்டினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து பணியாற்றிய அமெரிக்கப் பாதிரிமார்கள், சமவெளியின் காய்ச்சலிலும் காலராவிலும் தம் ஆட்களை இழந்துகொண்டிருந்தனர். குளிர்ந்த இடம் தேடி அவர்கள் 1845இல் அங்கே இரண்டு வீடுகள் கட்டினர். இப்படித்தான் ஊர் உருவாயிற்று. இவர்கள் எல்லாருக்கும் முன்பே பளியர்களும் குன்னுவர்களும் அந்த மலைகளில் வாழ்ந்து வந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. வார்டு புறப்பட்ட வெள்ளகவியே ஒரு பழைய ஊர்தானே! அவருக்கு வழி சொன்னவர்கள் இல்லாமலா அவர் மேலே போயிருப்பார்?

இந்த விவரங்களை எல்லாம் தங்கும் விடுதியில் இரவு படித்துக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி என்னை மடக்கியது. தூத்துக்குடி கடற்கரை ஊர். கொடைக்கானல் ஏழாயிரம் அடி உயரம். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் இரயில் பாதை அந்தப் பக்கம் வந்து, அம்மையநாயக்கனூர் நிலையம் திறந்தது 1875இல்தான். வத்தலக்குண்டு மலைச்சாலை முழுமை பெற்று வண்டிகள் ஓடத் தொடங்கியது முதல் உலகப் போர்க் காலத்தில். அப்படியானால் லெவிஞ்சின் படகு மேலே எப்படிப் போயிற்று? படகு தானாக மலை ஏறுமா?

விளங்கியது தோப்பு

மேலும் படித்தேன். மலைச்சாலை வருவதற்கு முன்பு கொடைக்கானல் போனவர்களில் பெரும்பாலோர் ஒரே வழியாகத்தான் போயிருக்கிறார்கள். மாட்டு வண்டியில் மலையடிவாரம் வரை வருவார்கள். அங்கிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. ஐயாயிரம் அடிக்கும் மேற்பட்ட ஏற்றம். திடமானவர்கள் நடப்பார்கள், சிலர் குதிரையில் போவார்கள். பெண்கள், பிள்ளைகள், நோயாளிகள், துரைமார்கள் ஆகியோரைக் கூலிகள் டோலியிலும் நாற்காலியிலும் வைத்துத் தூக்கிச் செல்வார்கள்.

அந்தப் பாதை தொடங்கிய அடிவாரத்து இடம் பெரியகுளத்திலிருந்து 8 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. அதன் பெயர் கிருஷ்ணமநாயக்கன் தோப்பு.

படித்தவுடன் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "தோப்புல இருந்து மலைக்கு வெள்ளைக்காரன தூக்கிக்கிட்டுப் போனவரு." அப்பத்தா சொன்னது மாந்தோப்புமில்லை, தென்னந்தோப்புமில்லை, ஓர் இடத்தின் பெயர்! நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, கடல் தாண்டி, தோட்டத்து லயத்தில் மூன்று தலைமுறை கைமாறி வந்த ஒரு சொல், அச்சிட்ட வரலாற்றோடு வந்து ஒட்டிக்கொண்டது. பக்கத்துக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த நண்பரை எழுப்பிச் சொன்னேன். "சரி, காலையில பேசலாம்" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். அவருக்கென்ன, அது என் அப்பத்தா கதை!

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பாதிரிமார்களின் வீட்டுக்குப் போன கதவு, கண்ணாடி, இரும்புக் கட்டில், புத்தகப் பெட்டி, சமையல் பாத்திரம் ஒவ்வொன்றையும் நினைத்துப் பார்த்தேன். சாலை வராத காலத்தில் மலைமேல் விளையாத எதுவும் அந்த ஊருக்கு யாரோ ஒருவர் தலையிலோ தோளிலோ மாட்டின் முதுகிலோதான் போயிருக்கும். படகும் அப்படித்தான். ஏரி வெட்டச் சொன்னவர் பெயர் தெரிகிறது, நடைபாதை போட்டவர் பெயர் தெரிகிறது. மண் சுமந்தவர் பெயரும் படகு தூக்கியவர் பெயரும் நான் பார்த்த எந்தப் பக்கத்திலும் இல்லை. அவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பெயர்: கூலிகள்.

லெவிஞ்சின் பெருமையைக் குறைக்க நான் இதைச் சொல்லவில்லை. அவர் நினைக்காவிட்டால் ஏரி இல்லை. ஆனால் இவர்கள் தூக்காவிட்டாலும் ஏரியில் படகு இல்லை.

பஞ்சம் ஒன்று, பாதை இரண்டு

மறுநாள் சூரிய வானாய்வுக் கூடத்தைப் பார்க்கப் போனோம். மாணவர்களுக்கு இது முக்கியம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைக் கொடும் பஞ்சம் ஆட்டியது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பெரியவர்கள் சொல்வது அதைத்தான். பல இலட்சம் பேர் மாண்டார்கள். மழை ஏன் பொய்க்கிறது, சூரியனில் ஏற்படும் மாற்றத்துக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று அரசு அதன்பின் ஆராயத் தலைப்பட்டது. அந்த யோசனையின் பலனாக, சென்னையில் இருந்த வானாய்வுப் பணி மலைமேல் ஏறி, 1899இல் கொடைக்கானலில் கூடம் அமைந்தது. சூரியப் புள்ளிகளில் வாயு எப்படிப் பரவி ஓடுகிறது என்பதை எவர்ஷெட் என்ற அறிஞர் 1909இல் அங்கேதான் கண்டறிந்தார். இன்றுவரை அது அவர் பெயரால் எவர்ஷெட் விளைவு என்று உலகமெங்கும் அழைக்கப்படுகிறது.

அதே மாதிரிப் பஞ்சங்களும் பசியும் கடனும்தான் வேறொரு பாதையையும் திறந்துவிட்டன. அது நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்த கடல்பாதை. வெல்லெஸ்லி மாநிலம் என்று அன்று அழைக்கப்பட்ட நம் செபராங் பிறையில் 1840களில் வெள்ளையர்கள் கரும்புத் தோட்டங்கள் போட்டார்கள். பத்து காவான், கலிடோனியா, பைராம் என்று நாம் அறிந்த பெயர்கள் எல்லாம் அந்தக் கரும்புக் காலத்துப் பெயர்கள். சுங்கை பாக்காப் ஊரும் ஒரு சீனக் கரும்புத் தவுக்கே வளர்த்த ஊர்தான். அந்தத் தோட்டங்களுக்குச் சஞ்சிக்கூலிகளாகத் தமிழர்கள் வந்தார்கள். சஞ்சிக்கூலி முறை 1910இல் ஒழிந்தது. அதன்பின் கங்காணிமார் ஆள் கூட்டி வந்தார்கள். 1938இல் இந்திய அரசு அதையும் நிறுத்தியது. இதற்கிடையில் கரும்பு போய் ரப்பர் வந்தது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது.

எங்கள் கொள்ளுத்தாத்தா ராஜூலா கப்பலில் வந்தவர் என்பது வீட்டுப் பேச்சு. ராஜூலா 1926இல் கட்டப்பட்டு 1973 வரை இருந்த கப்பல். ஆகவே அவர் 1926க்கும் 1938க்கும் இடையில் வந்திருக்க வேண்டும். அவருடைய தகப்பனார்தான் தோப்பிலிருந்து தூக்கியவர். இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் மலைச்சாலை வந்தது. மோட்டார் ஏறத் தொடங்கியபின் டோலிக்கு யார் காசு கொடுப்பார்? தோப்புக்கு யார் வருவார்? தகப்பனுக்கு வேலை போயிற்று. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மகன் கப்பல் ஏறினார். இதற்கு என்னிடம் கடுதாசி ஆதாரம் இல்லை, ஆண்டுகளை அடுக்கி நானே செய்துகொண்ட ஊகம்தான். ஆனாலும், மற்றவர்களுக்காகப் பாதையைத் தேய்த்துப் போட்டவர்களுக்கே நல்ல சாலை வந்ததும் வேலை இல்லாமற் போவது நமக்குப் புதிதா? பால்மரம் சாய்ந்தபோது நம் தோட்டங்களில் நாம் பார்க்காததா?

நம் கொடிமலைக்கும் இதே கதைதான். 1923இல் கம்பி இரயில் ஓடத் தொடங்குவதற்கு முன்பு அங்கேயும் துரைமார்களையும் துரைசானிகளையும் ஆட்கள்தான் டோலியில் தூக்கிச் சென்றார்கள். இன்று நாம் குடும்பத்தோடு இரயிலில் ஏறி, ஐஸ் கச்சாங் சாப்பிட்டுவிட்டு இறங்குகிறோம். தூக்கியவர்கள் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

வெறுங்காலோடு ஒரு கிராமம்

பழைய பாதையில் கொஞ்ச தூரமாவது நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. வார்டு 1821இல் ஏறிய வெள்ளகவிப் பக்கம் நடக்கலாம் என்றார்கள். உள்ளூர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக அழைத்துக்கொண்டு, கேட்க வேண்டிய இடத்தில் அனுமதி கேட்டு, விடிந்ததும் புறப்பட்டோம். வழிகாட்டிக்கு வயது ஐம்பதுக்கு மேல். ரப்பர் செருப்பு, தோளில் ஒரு துண்டு, கையில் ஒரு குச்சி, அவ்வளவுதான். எங்களிடமோ புதுக் காலணி, புதுப் பை, தண்ணீர்ப் புட்டி, மழைச்சட்டை. பாதை சரேலென்று கீழே இறங்குகிறது. வேரும் கல்லுமாக இருக்கிறது. ஒரு பக்கம் பள்ளம். ஒரு மணி நேரத்தில் என் முழங்கால் நடுங்கத் தொடங்கியது. என் பை பத்துக் கிலோ இருக்கும். அதைக் கொண்டே நடக்க முடியவில்லை. இதில் நாற்காலியில் ஒரு மனிதரை உட்கார வைத்து, அவர் அசையாதபடி தூக்கிக்கொண்டு மேலே ஏறுவது எப்படி?

வழிகாட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பைய இப்பிடிக் குடுங்க தம்பி" என்றார். கொடுக்க வெட்கமாக இருந்தது. எள்ளுத்தாத்தாவின் பேரன், பையைத் தூக்க முடியாமல் இன்னொருவர் தோளில் ஏற்றுவதா? கொடுக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். திரும்பி ஏறும்போது கொடுத்துவிட்டேன்.

வெள்ளகவி ஊருக்குள் நுழையும் முன் அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நாங்களும் கழற்றினோம். கிராமம் முழுவதையும் கோயிலாக நினைப்பதால் அங்கே யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. சின்னஞ்சிறு வீடுகள், கோயில்கள், சுற்றிலும் காப்பியும் ஆரஞ்சும். நெடுங்காலம் அந்த ஊருக்கு வாகனச் சாலை கிடையாது. நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஊரார் தொட்டில் கட்டித் தூக்கிச் சென்ற செய்திகள் அண்மைக் காலம் வரை பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. துரைமார்களின் டோலி மறைந்து நூறு ஆண்டு ஆகிவிட்டது. மலைவாசிகளின் டோலி அதன் பிறகும் மறையவில்லை. மேலே நட்சத்திர ஏரியில் நாங்கள் படகில் வட்டமடித்துக்கொண்டிருந்ததையும் இதையும் சேர்த்து நினைத்தபோது மனம் கனத்தது.

இங்கே மாணவர்களுக்கும் இளைஞர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. மலையேற்றம் நல்ல பயிற்சி. ஆனால் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் காட்டுக்குள் போகாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அப்போது முதலில் ஓடிப்போய் உதவியவர்கள் அக்கம்பக்கத்து மலை மக்கள்தாம். போர்வையில் கட்டித் தோளில் தூக்கி இறக்கினார்கள். அதன்பின் தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் கடுமையாயின. 2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வாகனத்தில் செல்வோர் முன்கூட்டியே இ-பாஸ் வாங்க வேண்டும் என்ற ஏற்பாடும் நீதிமன்ற உத்தரவால் வந்தது. மலை தாங்கும் சுமைக்கும் ஓர் அளவு உண்டல்லவா?

அப்பத்தா கேட்ட கேள்வி

வீட்டுக்கு வந்ததும் அப்பத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் படங்களைக் காட்டினேன். ஏரியைக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு" என்றார். படகைக் காட்டினேன், சிரித்தார். பிறகு அந்தக் கல்லும் வேருமான ஒற்றையடிப் பாதையைக் காட்டி, "அப்பத்தா, தோப்புன்னா ஊரு பேரு. கிருஷ்ணமநாயக்கன் தோப்பு. அங்க இருந்துதான் தூக்கியிருக்காங்க. இந்த மாதிரிப் பாதையிலதான்" என்றேன்.

அப்பத்தா படத்தை நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீ செருப்புப் போட்டுக்கிட்டா நடந்த?"

"ஆமா அப்பத்தா."

"அவரு வெறுங்காலோட நடந்திருப்பாருடா."

அவ்வளவுதான் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே அந்த எள்ளுத்தாத்தாவின் பெயரைச் சொன்னார். இத்தனை காலமும் அந்தப் பெயரை நாங்கள் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. நான் ஓடிப்போய் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து எழுதிக்கொண்டேன். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், யார் யார் கப்பல் ஏறினார்கள், யார் அங்கேயே தங்கினார்கள் என்று அவருக்கு நினைவு இருந்தவரை சொல்லச் சொல்ல எழுதினேன். இருபது பக்கம் வந்தது. அந்தப் பெயரை இந்த மலரில் நான் போடவில்லை. அது எங்கள் வீட்டு ஏட்டில் இருக்கிறது. உங்கள் வீட்டு ஏட்டில் உங்கள் பெரியவர்களின் பெயர் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஒரு சொல் கேட்டு வா

பள்ளி திறந்தபின் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். "வீட்டில் உள்ள மூத்தவரிடம், உங்களுக்கு விளங்காத ஒரு பழைய சொல் கேட்டு எழுதி வாருங்கள்" என்றேன். மறுநாள் வந்த சொற்களைப் பார்த்து அசந்துபோனேன். ஒரு பையன் 'பெரட்டு' என்று எழுதி வந்தான். விடியுமுன் ஆள் கணக்கு எடுக்கும் அணிவகுப்பு. ஒரு சிறுமி 'டிப்போ' என்று எழுதி வந்தாள். பஸ் நிற்கும் இடமாம்! அவள் பாட்டி சொன்னது நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் கப்பலுக்கு முன் ஆட்களைத் தங்க வைத்த முகாமை. இன்னொரு பிள்ளை 'ராஜூலா' என்று எழுதி, "எங்கள் தாத்தாவின் அத்தை" என்று விளக்கமும் எழுதியிருந்தது! சிரிப்பு வந்தது. ஆனால் பிள்ளையின் மேல் குற்றமில்லை. நாம் சொல்லாவிட்டால் கப்பல் அத்தையாகத்தான் ஆகும்.

பெற்றோர்களே! நம்முடைய தோட்டங்கள் வேகமாக மாறி வருகின்றன. பத்து காவானைப் பாருங்கள். கரும்பும் ரப்பரும் செம்பனையும் நின்ற இடத்தில் தொழிற்சாலையும் வீடுகளும் வந்துவிட்டன. 2014இல் இரண்டாவது பாலமும் திறந்தது. முன்னேற்றம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் அந்தத் தொழிற்சாலைகளில் பொறியாளர்களாகப் போக வேண்டும் என்றுதான் நாங்கள் பாடம் நடத்துகிறோம். ஆனால் லயம் இடிபடும்போது, அந்த லயத்தில் பேசப்பட்ட சொல்லும் அதோடு இடிந்துபோகக் கூடாது. துரையின் பங்களா எப்போது கட்டப்பட்டது என்பதை எழுதி வைக்க ஆள் இருந்தது. நம் பெரியவர்கள் என்ன சுமந்தார்கள் என்பதை எழுதி வைக்க நாம்தான் இருக்கிறோம்.

அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் கொஞ்சம் பொறுமையும் போதும். அவர்கள் பிறந்த ஊர் எது, வந்த கப்பல் எது, முதலில் இறங்கிய தோட்டம் எது, செய்த வேலை என்ன, கூட வந்தவர் யார் என்று ஐந்து கேள்விகள் கேளுங்கள். சொல்வது விளங்காவிட்டாலும் அவர்கள் சொன்ன சொல்லை மாற்றாமல் அப்படியே எழுதுங்கள். 'தோப்பு' என்பதை மாந்தோப்பு என்று நாங்கள் திருத்தி எழுதியிருந்தால் இந்தக் கதை அன்றே அழிந்திருக்கும்.

இன்று மேடையில் பரிசு வாங்கும் மாணவச் செல்வங்களே! உங்களுக்கு என் வாழ்த்துகள். பரிசோடு வீட்டுக்குப் போனதும் அதை முதலில் தாத்தா பாட்டியின் கையில் கொடுங்கள். அவர்கள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு ஏதாவது சொல்வார்கள். அதை எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் அப்பத்தா இன்னமும் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். 2030இல் குறிஞ்சி பூக்கும்போது என்னையும் கூட்டிப் போ என்கிறார். "நடக்க முடியுமா அப்பத்தா?" என்றேன்.

"நீ தூக்கிக்கிட்டுப் போ" என்றார்.